கன்சாஸ் விவசாயிக்குப் போகும் மானியம்: பட்டியலில் தெரிவதும் தெரியாததும்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கன்சாஸில் மக்கள் அதிகம் இல்லாத ஒரு கவுண்டியில் (நம் ஊர் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) 1995 முதல் யார் யாருக்கு எவ்வளவு விவசாய மானியம் போனது என்ற பட்டியலைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரே பெயருக்கு நேராக 20 லட்சம் டாலர். அடுத்தடுத்த வரிகளில் ஒரே குடும்பப் பெயர். சிலருக்கு ஊர் என்ற இடத்தில் டென்வர், டல்லாஸ். "ஊரில் என் அப்பாவுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிறது, இங்கே இப்படிக் கொட்டுகிறார்களே, இது ஊழல்தானே?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டப்படி போக வேண்டியவர்களுக்குத்தான் போகிறதா என்பது ஒன்று. அந்தச் சட்டமே சரியானவர்களுக்குப் பணம் போகும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் ஆம். இரண்டாவதில் எனக்கு நிறைய மனக்குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தவன். அப்புறம் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம். 14 வருஷமாக இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பண்ணைக் கணக்கும் வரிக்கணக்கும் பார்க்கிறேன். கோதுமை, சோளம், மக்காச்சோளம் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும். பருத்தி, நெல் விளையும் தென் மாநிலங்களில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் கன்சாஸ் அளவில் பேசுகிறேன். நீங்கள் பார்த்த கவுண்டியின் தனி மனிதர்களைப் பற்றியும் எதுவும் சொல்ல மாட்டேன். பட்டியலை வைத்து ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அந்த 20 லட்சம். அது ஏறத்தாழ 30 வருஷக் கூட்டுத்தொகை. வகுத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 67,000 டாலர். மேற்குக் கன்சாஸில் ஒரு குடும்பம் நாலாயிரம், ஐயாயிரம் ஏக்கர் மானாவாரி செய்வது சாதாரணம், ஏனென்றால் மழை குறைவு, ஏக்கருக்கு விளைவதும் குறைவு, பாதி இடங்களில் ஒரு வருஷம் விதைத்தால் அடுத்த வருஷம் ஈரம் சேரட்டும் என்று நிலத்தைச் சும்மா போட்டு வைக்க வேண்டியிருக்கும். புது அறுவடை இயந்திரம் ஒன்றே 5 லட்சம் டாலரைத் தாண்டும். மானியம் வரிக்குட்பட்ட வருமானமும்கூட, மற்ற வரவோடு சேர்த்துக் காட்டி வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்வதால் 67,000 சின்னப் பணம் ஆகிவிடாது, ஆனால் அந்தத் தொகையை ஒரே ஆளின் சட்டைப்பைக்குப் போனதாக நினைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்தது, இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். இந்த வருஷம் நீங்கள் என்ன விதைத்தீர்கள், எவ்வளவு அறுத்தீர்கள் என்பதை வைத்து முக்கியமான மானியங்கள் வருவதில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் விவசாயத் துறையின் ஏட்டில் "பேஸ் ஏக்கர்" என்று ஒரு கணக்கு உண்டு. பழைய வருஷங்களில் அந்த நிலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்பதை வைத்துப் பதிவான எண் அது. இடையில் 2002லும் 2014லும் அதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள், ஆனால் நிறையப் பேரின் கோதுமை பேஸ் இன்றைக்கும் 1980களில் தாத்தா விதைத்த கணக்கிலிருந்து வந்ததுதான். கோதுமை பேஸ் உள்ள நிலத்தில் இன்றைக்கு மக்காச்சோளம் போட்டாலும் கோதுமைக்கான பணம் வரும். எதுவுமே விதைக்காவிட்டாலும் வரலாம். காய்கறி, பழம் மட்டும் ஒரு அளவுக்கு மேல் போட்டால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். நிலத்தை விற்றால் இந்த பேஸும் நிலத்தோடு போய்விடும். வேலிக்கு இந்தப் பக்கம் பேஸ் உள்ள நிலம், அந்தப் பக்கம் இல்லாத நிலம், மண் ஒன்றே, மழை ஒன்றே, மானியம் மட்டும் வேறு என்பதை நானே வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு உதாரணம். பிஎல்சி என்று ஒரு திட்டம், விலை இறங்கினால் ஈடு கட்டுவது. 2018 விவசாயச் சட்டத்தில் கோதுமைக்கு ஆதார விலை புஷலுக்கு (27 கிலோ சொச்சம்) 5.50 டாலர். 2019 பயிருக்கு நாட்டின் சராசரிச் சந்தை விலை 4.58. வித்தியாசம் 92 சென்ட். ஒருவரிடம் 240 ஏக்கர் கோதுமை பேஸ் இருந்தால் அதில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 204 ஏக்கர். அந்த நிலத்துக்குப் பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 38 புஷல் என்று வையுங்கள். பெருக்கினால் ஏறத்தாழ 7,130 டாலர். அதுவும் கையோடு வராது. 2019 கோடையில் அறுத்ததற்கு 2020 அக்டோபரில்தான் பணம் வந்தது. பிஎல்சிக்குப் பதிலாக ஏஆர்சி என்ற இன்னொன்றையும் தேர்ந்தெடுக்கலாம். அதில் பெரும்பாலோர் எடுக்கும் வகை விலையோடு கவுண்டியின் சராசரி விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கும், உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று பார்க்காது. உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை பெய்து எல்லாம் போயிருந்தாலும் கவுண்டி சராசரி நன்றாக இருந்தால் இந்த வகையில் ஒன்றும் கிடைக்காது.

இதில் ஒரு வருஷத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். 2023ல் இங்கே கடும் வறட்சி. கோதுமை முழங்கால் உயரம்கூட வரவில்லை, நிறையப் பேர் அறுவடை இயந்திரத்தை வெளியே எடுக்காமலே அழித்துவிட்டார்கள். கன்சாஸ் பல பத்தாண்டுகளில் காணாத குறைந்த மொத்த விளைச்சல். ஆனால் அந்த வருஷப் பயிரின் சராசரி விலை 6.96 டாலர், ஆதார விலைக்கு மேலே. அதனால் கோதுமைக்கு பிஎல்சி ஒரு சென்ட்கூடத் தரவில்லை. அந்த வருஷம் இவர்களைத் தாங்கியது பயிர்க் காப்பீடு. அந்தக் காப்பீடு நீங்கள் பார்த்த பட்டியலில் பெயர்வாரியாக இருக்காது, இருக்கவும் முடியாது.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசு கட்டுகிறது. பாலிசியை விற்பது தனியார் கம்பெனிகள், அவர்களின் நிர்வாகச் செலவுக்கும் அரசே பணம் தருகிறது. யாருக்கு எவ்வளவு பிரீமிய மானியம் என்று தனியாள் பெயரோடு வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை. கவுண்டி மொத்தமாகத்தான் தெரியும். மற்றத் திட்டங்களில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, காப்பீட்டு மானியத்துக்கு அதுவும் கிடையாது. எவ்வளவு ஏக்கருக்குக் காப்பீடு எடுத்தாலும் மானியம் கூடவே ஏறும். ஆக, பெரிய பண்ணைகளுக்குப் போகும் பணத்தில் கணிசமான பகுதி அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. பட்டியலைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களும் சரி, பட்டியலில் தன் பெயருக்கு எதிரே சின்னத் தொகை இருப்பதைக் காட்டி "பார், எனக்கு ஒன்றும் வரவில்லை" என்கிறவர்களும் சரி, இதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, டென்வர், டல்லாஸ் விஷயம். நம் தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை, வாரம் என்று இரண்டு ஏற்பாடு உண்டே, அச்சு அசலாக அதேதான் இங்கேயும். குத்தகை என்றால் பயிர் செய்கிறவர் நிலக்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிடுவார், லாப நஷ்டம் அவருடையது, மானியமும் முழுக்க அவருக்கு. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மேற்குக் கன்சாஸ் மானாவாரியில் நிலக்காரருக்கு மூன்றில் ஒன்று, பயிர் செய்கிறவருக்கு மூன்றில் இரண்டு என்பது வழக்கம். வாரத்தில் நஷ்டத்திலும் நிலக்காரருக்குப் பங்கு உண்டு என்பதால் மானியமும் அதே விகிதத்தில் பிரியும். மேலே சொன்ன 7,130ல் நிலக்காரருக்கு ஏறத்தாழ 2,380. என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு அம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. கணவர் போன பிறகு மகள் வீட்டோடு டென்வரில் இருக்கிறார். மூன்று குவார்ட்டர், அதாவது 480 ஏக்கர், பக்கத்து வயல்காரர் வாரத்துக்குச் செய்கிறார். இந்த அம்மாவின் பெயரும் பட்டியலில் வரும், நகரத்து முகவரியோடு. அவரைப் பணக்கார ஊழல்வாதி என்று யாராவது எழுதினால் எனக்கு மனசு வலிக்கும்.

நகரத்து முகவரிக்கு இன்னொரு காரணம் சிஆர்பி. 1985 சட்டத்தில் வந்த திட்டம். மண் அரிக்கிற நிலத்தைப் பயிரிலிருந்து எடுத்துப் புல் வளர விட்டு, 10 முதல் 15 வருஷத்துக்கு அரசிடமிருந்து வருஷ வாடகை வாங்குவது. 1930களில் புழுதிப் புயல் இதே நிலங்களைத்தான் தூக்கிக்கொண்டு போனது, அந்த நினைவு இங்கே இன்னும் இருக்கிறது. ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் விதை, உரம் விற்கிற கடையெல்லாம் மூடிவிடும். வாடகை பெரும்பாலும் நில உரிமையாளருக்குத்தான், அவர் எந்த ஊரில் இருந்தாலும். நிலத்தைச் சும்மா வைத்திருக்கக் காசா என்று கேட்பீர்கள். என் கருத்தில் இந்த மொத்த ஏற்பாட்டிலும் பொதுப் பணத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் தருவது இதுதான், மண் நிற்கிறது, பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன.

ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதற்கு வருகிறேன். 2018 சட்டப்படி ஏஆர்சி, பிஎல்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர்தான் உச்சவரம்பு. கணவன் மனைவி என்றால் இரண்டு வரம்பு. பொதுக் கூட்டாண்மையாகப் பண்ணையைப் பதிவு செய்தால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு. கூட்டாளி "விவசாயத்தில் நேரடியாக ஈடுபட்டவர்" என்று காட்ட வேண்டும், ஆனால் உழைப்புக்குப் பதிலாக நிர்வாகத்தைக் காட்டினாலும் போதும். அண்ணன், தம்பி, மகன், மருமகள் என்று உண்மையிலேயே டிராக்டர் ஓட்டுகிற குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும், அவர்கள் பெயர்கள் வரிசையாக வருவதில் தப்பே இல்லை. ஆனால் 2018 சட்டம் அண்ணன் தம்பி பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று உறவு வட்டத்தை விரித்தது. வருஷத்தில் சில தடவை போனில் விலை பேசினால்கூட அதை நிர்வாகம் என்று காட்ட முடிகிறது. இதை நான் தவறு என்றே நினைக்கிறேன். சட்டத்துக்கு உட்பட்டதுதான், அதனால் ஊழல் என்ற சொல் பொருந்தாது. உச்சவரம்பு என்ற ஒன்றை வைத்துவிட்டு அதைத் தாண்ட வழியையும் அதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், கோபம் போக வேண்டிய இடம் அதுதான். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் வரம்பை 1,55,000 ஆக்கி, கோதுமையின் ஆதார விலையையும் 6.35 டாலருக்கு ஏற்றிவிட்டது. புதிதாக 3 கோடி ஏக்கர் வரை பேஸ் சேர்க்கவும் இடம் தந்திருக்கிறது. ஆகவே வரும் வருஷங்களில் பட்டியலில் தொகைகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிஜமான முறைகேடே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2007ல் வெளியிட்ட அறிக்கையில், 1999 முதல் 2005 வரை 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் போயிருப்பதாகச் சொன்னது. இறந்தவரின் சொத்து பிரிக்கப்படும்வரை அதன் பேரில் வாங்குவதற்கு விதி இடம் தருகிறது என்பதால் அத்தனையும் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் சரிபார்க்காமலே வருஷக்கணக்கில் அனுப்பினார்கள் என்பது உறுதி. அதற்குப் பிறகுதான் சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பதிவோடு ஒப்பிடும் வழக்கம் வந்தது.

அதைவிடப் பெரிய அநியாயம் பட்டியலில் இல்லாதவர்களுக்கு நடந்தது. 1933ல் ரூஸ்வெல்ட் காலத்தில் முதல் விவசாயச் சட்டம் வந்தபோது, பருத்தியைக் குறைத்துப் போட்டால் பணம் என்றார்கள். காசோலை நிலக்காரர் கைக்குப் போனது. வாரத்துக்குச் செய்துகொண்டிருந்த ஏழைக் குடும்பங்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், பங்கு கிடைக்காமல் போனது மட்டுமில்லை, சாகுபடி குறைந்ததால் ஆளே வேண்டாம் என்று வெளியேற்றப்பட்டார்கள். 1934ல் ஆர்கன்சாஸில் டைரோன்சா என்ற சின்ன ஊரில் வாரக்காரர்கள் இனம் பார்க்காமல் சேர்ந்து சங்கம் தொடங்கியது இதனால்தான். இந்தத் திட்டங்களை ஊரில் நடத்தக் கவுண்டி தோறும் மூன்று முதல் பதினொரு உள்ளூர் விவசாயிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுத்துக் கமிட்டி வைக்கிற முறை இன்றைக்கும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள்தான் கமிட்டியிலும் இருப்பார்கள் என்பது நம் கூட்டுறவுச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளுக்குக் கடனும் உதவியும் பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டன, தாமதமாக்கப்பட்டன. இதற்காகக் கறுப்பின விவசாயிகள் விவசாயத் துறை மேல் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கில் 1999ல் ஒரு சமரசம், 2010ல் 125 கோடி டாலருக்கு இன்னொன்று. பல வகைப் பாகுபாட்டுக்கும் சேர்த்து 2024ல் 43,000 பேருக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் ஈடு கொடுத்தார்கள். பலர் அதற்குள் நிலத்தை இழந்து நகரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

உங்கள் பட்டியலில் 2018க்குப் பிறகு தொகைகள் திடீரென்று ஏறியிருக்குமே, அதையும் கவனித்திருப்பீர்கள். சீனாவோடு வரிச்சண்டை வந்து சோயாவும் சோளமும் தேங்கியபோது, வழக்கமான சட்டத்துக்கு வெளியே, நாடு முழுக்க இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ 2,300 கோடி டாலர் கொடுத்தார்கள். 2018ல் பயிர் வாரியாக: சோயா புஷலுக்கு 1.65 டாலர், சோளத்துக்கு 86 சென்ட், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். 2019ல் கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. கவுண்டி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரே பயிருக்கு இரண்டு விலை வந்ததை நானே கணக்கில் எழுதினேன். அதன் பின்னாலேயே கோவிட் உதவி, 2024 பயிருக்கு மறுபடி ஒரு அவசர உதவி. இப்படி இடையிடையே வரும் பணம் நிரந்தரத் திட்டங்களைவிடப் பெரிதாகிவிட்ட வருஷங்கள் உண்டு. எனக்கு இதுதான் அதிகக் கவலை. என் வாடிக்கையாளர்கள் விதைப்பு முடிவு எடுக்கும்போதே "வாஷிங்டன் ஏதாவது தரும்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவின் 6,000 ரூபாயோடு ஒப்பிட்டதற்கு வருகிறேன். பிஎம் கிசான் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்குச் செய்கிறவருக்குக் கிடையாது. இங்கே பணக் குத்தகையில் செய்கிறவருக்கே முழுதும் போகிறது, அந்த ஒரு விஷயத்தில் இங்கே மேல் என்று சொல்லலாம். ஆனால் காகிதத்தில்தான் மேல். ஏக்கருக்கு இவ்வளவு மானியம் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், குத்தகையைப் புதுப்பிக்கும்போது நிலக்காரர் ஏற்றிக் கேட்கிறார், கொடுக்கப் பக்கத்து வயல்காரர் தயாராக இருக்கிறார். மானியத்தில் ஒரு பகுதி இப்படி நில வாடகையிலும் நில விலையிலும் போய்ச் சேர்கிறது என்பதில் பொருளாதார ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். என் மேசையில் நான் பார்ப்பது இவ்வளவுதான்: சொந்த நிலம் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கு இந்தத் திட்டங்கள் நன்றாக வேலை செய்கின்றன. நிலம் இல்லாமல் குத்தகைக்குத் தொடங்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு மானியம் ஒரு கையில் வந்து மறு கையில் வாடகையாகப் போய்விடுகிறது.

இன்னொரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்தால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, பெயருக்குள் போய்த் திட்ட வாரியாக, வருஷ வாரியாகப் பாருங்கள். சிஆர்பி என்று மட்டும் இருந்தால் அது புல் வளர்க்கிற வாடகை. 2013 வரை வருஷா வருஷம் ஒரே தொகை இருந்தால் அது அப்போதிருந்த நேரடி மானியம், விலை உச்சத்தில் இருந்த 2012லும் கோதுமைக்கு புஷலுக்கு 52 சென்ட் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனாலேயே 2014ல் அதை நிறுத்தினார்கள். 2018, 2019, 2020ல் மட்டும் துருத்திக்கொண்டு இருந்தால் வரிச்சண்டையும் கோவிட்டும். கூட்டாண்மைப் பெயர் இருந்தால் எத்தனை கூட்டாளிகள் என்று பாருங்கள். தனிநபர் பெயர்களை விட்டுவிட்டுத் திட்டப் பெயரையும் வருஷத்தையும் தொகையையும் மட்டும் எழுதி அனுப்பினால், எது என்ன என்று என்னால் வரி வரியாகச் சொல்ல முடியும். அறுவடை முடிந்து ஜூலை கடைசிக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும்.